ஒவ்வொரு முகவரிக்கும் ஓர் எல்லை உண்டு

கணினி வலையமைப்பைப் படிக்கத் தொடங்குபவர்கள் முதல் நாளிலேயே ஒரு சொற்கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். ஐபி முகவரி, மேக் முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, போர்ட், டிஎன்எஸ், டிஎச்சிபி என்று வரிசையாக வந்து விழும் இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்கும். அந்த விளக்கங்களை மனப்பாடம் செய்தவர்கள் தேர்வில் தேறிவிடுகிறார்கள். ஆனால் ‘நெட் வரவில்லை’ என்று ஒருவர் வந்து நின்றால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். வலையமைப்புகளைப் பராமரிப்பதையே வேலையாகக் கொண்ட நான், இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது எல்லாச் சொற்களையும் ஒரே கேள்வியைக் கொண்டு அணுகச் சொல்வேன்: இது எதுவரை செல்லுபடியாகும்? ஓர் எண் அடுத்த கருவி வரைக்கும்தான் பொருள் உடையதா, ஒரு கட்டடத்துக்குள் மட்டும் பொருள் உடையதா, உலகம் முழுவதும் பொருள் உடையதா என்று தெரிந்துவிட்டால், அந்தச் சொல்லின் விளக்கத்தில் பாதி தானாகவே விளங்கிவிடும். எங்கே கோளாறு என்று தேடும் இடமும் பாதியாகச் சுருங்கிவிடும்.

ஒரு கணினியை இப்போதுதான் வலையமைப்பில் இணைத்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி அதற்கு இன்னும் இல்லை. முகவரியை யாரிடம் கேட்பது என்றும் அதற்குத் தெரியாது. ஆகவே அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் இட்டு, அக்கம்பக்கத்தில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் கேட்கும்படி ஒரு செய்தியை அனுப்புகிறது. அதைக் கேட்கும் டிஎச்சிபி சர்வர் ஒரு முகவரியைத் தர முன்வருகிறது. கணினி அதையே தனக்குக் கொடுக்கும்படி முறைப்படி கேட்கிறது. சர்வர் உறுதி செய்கிறது. நான்கு செய்திகளில் முடிந்துவிடும் இந்த உரையாடலில் கணினிக்குக் கிடைப்பது முகவரி மட்டும் அன்று. சப்நெட் மாஸ்க், வெளியே போகும் வாசலான கேட்வேயின் முகவரி, பெயர்களை எண்களாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரி, இவை எல்லாம் எவ்வளவு காலத்துக்குச் செல்லும் என்ற கெடு ஆகிய அனைத்தும் ஒரே பதிலில் வந்து சேர்கின்றன. கெடுவில் பாதி கழிந்ததும் கணினியே சர்வரிடம் புதுப்பிக்கக் கேட்டுக்கொள்வதால், நாள் முழுக்க வேலை செய்பவருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரிவதில்லை.

சர்வரிடமிருந்து பதிலே வராவிட்டால், பெரும்பாலான கணினிகள் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தாமாகவே சூட்டிக்கொள்கின்றன. இந்த முகவரி அதே இணைப்பில் உள்ள கருவிகளைத் தாண்டி எங்கும் செல்லுபடியாகாது. இதைத் திரையில் கண்டவுடன், உலாவியைத் திறந்து மூடுவதும் இணையதளங்களை மாற்றி மாற்றிச் சோதிப்பதும் வீண் என்று முடிவு செய்துவிடலாம். கோளாறு மிக அருகில், கேபிளிலோ, கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்சிலோ, டிஎச்சிபி சர்வரிலோ இருக்கிறது. கொடுப்பதற்கு வைத்திருந்த முகவரிகள் தீர்ந்துபோயிருப்பதும் உண்டு. ஒரு முகவரியின் எல்லை தெரிந்ததால் உடனே கிடைக்கும் பயன் இது.

இனி சப்நெட் மாஸ்க். வலையமைப்புச் சொற்களில் அதிகம் பயமுறுத்துவது இதுதான் என்றாலும், அது பதில் சொல்லும் கேள்வி மிகச் சிறியது: நான் பேச விரும்பும் முகவரி என் வலையமைப்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? 192.168.1.25 என்ற கணினிக்கு 255.255.255.0 என்ற மாஸ்க் கொடுத்திருந்தால், முதல் மூன்று எண்களும் ஒத்துப்போகும் எல்லா முகவரிகளும் உள்ளே இருப்பவை. அதாவது 0 முதல் 255 வரை 256 எண்கள். அவற்றில் 0 வலையமைப்பையே குறிக்கும், 255 எல்லாருக்குமான அறிவிப்புக்கு ஒதுக்கப்பட்டது, ஆக 254 கருவிகளுக்கு இடம் உண்டு. 192.168.1.80 உள்ளே இருப்பதால் அதற்கு நேரடியாக அனுப்பலாம், 192.168.2.80 வெளியே இருப்பதால் கேட்வேயிடம் ஒப்படைக்க வேண்டும்.

அதே கணினியின் மாஸ்க்கை 255.255.255.192 என்று மாற்றினால் நடப்பதைக் கவனியுங்கள். இப்போது வலையமைப்பு 64 எண்கள் கொண்ட துண்டாகச் சுருங்குகிறது. 25 என்ற எண் 0 முதல் 63 வரையிலான முதல் துண்டில் விழுகிறது. 80 என்ற எண் 64 முதல் 127 வரையிலான அடுத்த துண்டில் விழுகிறது. ஒரே ஸ்விட்சில் அடுத்தடுத்துச் செருகப்பட்டிருந்தாலும், முதல் கணினியின் கணக்கில் மற்றது வெளியூர்க்காரர். இதில் மிகவும் சிக்கலானது, இரண்டு கருவிகளுக்கும் வெவ்வேறு மாஸ்க் தரப்பட்டிருக்கும் நிலை. ஒன்று மற்றதை உள்ளே இருப்பதாக நினைத்து நேரடியாகத் தேடும்; மற்றதோ இதை வெளியே இருப்பதாக நினைத்துக் கேட்வேயிடம் அனுப்பும். சில வேளைகளில் கேட்வே அந்தப் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டை, திருப்பி உள்ளேயே அனுப்பிவிடுவதால் வேலை நடப்பதுபோல் தோன்றும். சில வேளைகளில் நடக்காது. அரைகுறையாக வேலை செய்யும் இத்தகைய வலையமைப்புதான், முற்றிலும் நின்றுபோன வலையமைப்பைவிட நேரத்தை அதிகம் விழுங்குகிறது. எனவே எந்தப் புகாரிலும் முகவரியைப் பார்க்கும் கையோடு மாஸ்க்கையும் பார்த்துவிடுவது நல்லது.

கேட்வேயிடம் ஒப்படைப்பது என்று முடிவான பிறகும் ஒரு தடை இருக்கிறது. கேபிளிலோ வைஃபையிலோ போகும்போது பாக்கெட்டைச் சுற்றியிருக்கும் உறையான சட்டகத்தின் மேல் எழுதப்பட வேண்டியது ஐபி முகவரி அன்று, மேக் முகவரி. இது 48 பிட் நீளமுள்ள எண். வழக்கமாக முதல் பாதி கருவியின் தயாரிப்பாளரையும் மறுபாதி அந்தக் குறிப்பிட்ட கருவியையும் அடையாளம் காட்டும். கேட்வேயின் ஐபி தெரியும், மேக் தெரியாது என்ற இந்த இடைவெளியை நிரப்பவே 1982ஆம் ஆண்டு டேவிட் பிளம்மர் ஏஆர்பி என்ற முறையை எழுதினார். கணினி தன் வலையமைப்பில் உள்ள எல்லாருக்கும் ‘192.168.1.1 யாருடையது?’ என்று கேட்கிறது. உரியவர் மட்டும் தன் மேக் முகவரியைச் சொல்கிறார். கேட்டவர் அதைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்கிறார்.

நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் இந்த இடத்தில் சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்வேன். இப்போது புறப்படும் பாக்கெட்டில் பெறுநரின் ஐபி முகவரி, எங்கோ தொலைவில் உள்ள சர்வருடையது. ஆனால் பெறுநரின் மேக் முகவரி, பக்கத்தில் கேட்வேயாக இருக்கும் ரவுட்டருடையது. ரவுட்டர் அதைப் பெற்றவுடன் வெளிச் சட்டகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் மேக் முகவரியை அனுப்புநராகவும் அடுத்த ரவுட்டருடையதைப் பெறுநராகவும் இட்டுப் புதிய சட்டகத்தில் அனுப்புகிறது. வழியெங்கும் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. மேக் முகவரியின் ஆட்சி ஒரு தாவலோடு முடிகிறது. ஐபி முகவரி கடைசிவரை போகிறது. இரண்டு முகவரிகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். நாம் பார்க்கும் இணையதளத்துக்கு நம் மேக் முகவரி தெரிந்துவிடுமோ என்று அஞ்சுபவர்களுக்கும் இதுவே பதில்: அது முதல் ரவுட்டரைத் தாண்டுவதில்லை. ஸ்விட்சுக்கும் ரவுட்டருக்கும் உள்ள வேறுபாடும் இங்கேயே தெளிவாகிவிடும். ஸ்விட்ச் மேக் முகவரியைப் பார்த்து, எந்தத் துளையில் எந்தக் கருவி இருக்கிறது என்று தானாகக் கற்றுக்கொண்டு, ஒரே வலையமைப்புக்குள் சட்டகங்களைப் பரிமாறுகிறது. ரவுட்டர் ஐபி முகவரியைப் பார்த்து ஒரு வலையமைப்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்துகிறது.

ரவுட்டருக்கும் முழுப் பாதை தெரியாது. ஊர் தெரியாத வழிப்போக்கர் ஒவ்வொரு சந்தியிலும் கேட்டுக் கேட்டுப் போவதைப் போல, பாக்கெட் ஒவ்வொரு ரவுட்டரிலும் அடுத்த அடியை மட்டும் தெரிந்துகொண்டு நகர்கிறது. ரவுட்டரிடம் இருப்பது, இன்ன முகவரித் தொகுதிக்கு இந்த வழி என்ற அட்டவணை மட்டுமே. ஒரே முகவரிக்கு இரண்டு வரிகள் பொருந்தினால், எந்த வரி மிகச் சிறிய தொகுதியைத் துல்லியமாகச் சுட்டுகிறதோ அதற்கே முன்னுரிமை. கேட்பதற்கு வறண்ட விதியாகத் தோன்றும் இது எவ்வளவு கனமானது என்பதை 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று உலகம் பார்த்தது. யூடியூப் அப்போது 1,024 முகவரிகள் கொண்ட ஒரு தொகுதியைத் தனது என்று அறிவித்திருந்தது. அரசின் தடை உத்தரவை நிறைவேற்றும் பொருட்டு பாகிஸ்தான் டெலிகாம், அதற்குள் அடங்கிய 256 முகவரிகளுக்குத் தானே வழி என்று தன் வலையமைப்புக்குள் அறிவித்தது. அந்த அறிவிப்பு நாட்டு எல்லையைக் கடந்து, பெரிய வலையமைப்புகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபி என்ற முறையின் வழியே உலகெங்கும் பரவியது. சிறிய தொகுதிக்கே முன்னுரிமை என்ற விதிப்படி பல நாடுகளின் ரவுட்டர்கள் யூடியூபுக்குச் செல்ல வேண்டிய பாக்கெட்டுகளைப் பாகிஸ்தானுக்கு அனுப்பத் தொடங்கின. நிலைமை சீராக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. அதற்கிடையில் யூடியூப் செய்த எதிர்வினையும் அதே விதியைப் பற்றிக்கொண்டுதான்: இன்னும் சிறிய, 128 முகவரித் துண்டுகளாக அறிவித்தது. கட்டடத்துக்குள் நிற்க வேண்டிய ஒரு செய்தி எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இப்படித் தரவைத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வழி கண்டுபோக விடும் எண்ணம் 1960களில் அமெரிக்காவில் பால் பாரனுக்கும் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸுக்கும் தனித்தனியாகத் தோன்றியது. 1969 அக்டோபர் 29 அன்று இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் முதல் செய்தி போனது. ‘லாகின்’ என்று தட்டச்சு செய்யத் தொடங்கி இரண்டே எழுத்துகள் சேர்ந்தவுடன் மறுமுனைக் கணினி முடங்கிவிட்டது. ஈதர்நெட் சட்டகம் ஒன்று வழக்கமாகச் சுமப்பது 1,500 பைட் வரைதான் என்பதால், ஒரு மெகாபைட் படம்கூட ஏறத்தாழ 700 பாக்கெட்டுகளாகப் பிரிந்துதான் நம்மிடம் வருகிறது. வழியில் சில தொலையலாம், சில முன்பின் மாறி வரலாம். நடுவில் இருக்கும் ரவுட்டர்கள் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஐபி என்ற நெறிமுறை எந்த உறுதியும் தருவதில்லை.

உறுதியைத் தருவது டிசிபி. விண்ட் செர்ஃபும் பாப் கானும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் அடிப்படை இருக்கிறது. 1983 ஜனவரி 1 அன்று ஆர்பாநெட் முழுவதும் டிசிபி, ஐபி முறைக்கு மாறியது. ஒரு முனை தன் தொடக்க எண்ணைச் சொல்லி இணைப்புக் கேட்கிறது. மறுமுனை அதை ஒப்புக்கொண்டு தன் தொடக்க எண்ணைச் சொல்கிறது. முதல் முனை அதையும் ஒப்புக்கொள்கிறது. அதன்பின் அனுப்பும் ஒவ்வொரு பைட்டும் எண்ணிடப்படுகிறது. வந்தவற்றுக்கு ஒப்புகை போகிறது. ஒப்புகை வராதவை மறுபடி அனுப்பப்படுகின்றன. இந்தக் கணக்கு வழக்கு எல்லாம் இரண்டு முனைகளில் மட்டுமே இருக்கிறது என்பதுதான் இதன் அழகு. நடுவில் ஒரு ரவுட்டர் பழுதாகிப் பாதை மாறினாலும், உரையாடல் அறுபடாமல் தொடர முடிகிறது.

ஆனால் முனைகளிடம் பொறுப்பைக் கொடுத்தால் அவை பொறுப்போடு நடக்கவும் வேண்டும். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, 400 கெஜத் தொலைவு மட்டுமே இருந்த இணைப்பில், வேகம் நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டாகச் சரிந்தது. நெரிசலில் பாக்கெட்டுகள் தொலைய, தொலைந்தவற்றை எல்லாக் கணினிகளும் உடனுக்குடன் மறுபடி அனுப்ப, அதனால் நெரிசல் மேலும் கூடியது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸுடன் சேர்ந்து உருவாக்கிய தீர்வு, அனுப்புபவர் மெதுவாகத் தொடங்கி, ஒப்புகைகள் வர வர வேகத்தைக் கூட்டி, இழப்பு தெரிந்தவுடன் சட்டென்று குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது. 1988இல் வெளியான அந்த ஆய்வின் சாரம் இன்றும் நம் கணினிகளில் இயங்குகிறது. யாரும் மேலிருந்து ஒழுங்குபடுத்தாமலே, ஒவ்வொரு முனையும் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்வதால்தான் இணையம் நிலைத்திருக்கிறது. நான் இந்தத் துறையில் மிகவும் மதிக்கும் வேலை அது.

ஒரே கணினியில் உலாவி, மின்னஞ்சல், காணொளி அழைப்பு என்று பல உரையாடல்கள் நடக்கும்போது, வந்து சேரும் பாக்கெட் எதற்குரியது என்று பிரித்துக்கொடுப்பது போர்ட் எண். இது 16 பிட் எண். 65,535 வரை போகும். பாதுகாப்பான இணையதளத்துக்கு 443, மின்னஞ்சல் சர்வர்களுக்கு இடையே 25 என்பவை வழக்கமானவை. போர்ட் எண்ணின் எல்லை அந்தக் கணினிக்குள் மட்டும்தான். தாமதத்தைவிடச் சிறு இழப்பே மேல் என்ற இடங்களில், அதாவது குரல் அழைப்பு போன்றவற்றில், டிசிபிக்குப் பதில் ஒப்புகை எதுவும் கேட்காத யூடிபி பயன்படுகிறது.

போர்ட் எண்ணுக்கு யாரும் திட்டமிடாத ஒரு கூடுதல் வேலையும் வந்து சேர்ந்தது. ஐபியின் நான்காம் பதிப்பு 32 பிட் முகவரியைக் கொண்டது. மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். போதாது என்பது 1990களிலேயே தெரிந்துவிட்டது. 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை ஆகிய தொகுதிகள் யார் வேண்டுமானாலும் தங்கள் வலையமைப்புக்குள் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்டன. அவை உள்ளுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். இணையத்தில் அவற்றுக்கு வழி கிடையாது. வெளியே போகும்போது ரவுட்டர் அந்த முகவரியை அழித்துவிட்டுத் தன் பொது முகவரியை எழுதி, எந்தப் போர்ட் எண் எந்த உள்முகவரிக்கு உரியது என்று ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. இதுவே நாட். உள்ளிருந்து தொடங்கும் உரையாடலுக்கு மட்டுமே குறிப்பு இருக்கும் என்பதால், வெளியிலிருந்து ஒருவர் நம் கணினியைத் தானாக அணுக முடிவதில்லை. இதைப் பாதுகாப்பு என்று பலர் சொல்கிறார்கள். அது பக்க விளைவு மட்டுமே. வேண்டாத போக்குவரத்தைத் தடுக்கும் ஃபயர்வாலின் வேலையை அதன் தலையில் கட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. உலகளாவிய கையிருப்பில் இருந்த கடைசிப் பெருந்தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. 128 பிட் முகவரி கொண்ட ஆறாம் பதிப்பு பரவலானாலும், இரண்டும் அருகருகே இன்னும் நெடுங்காலம் ஓடும்.

தொலைவில் உள்ள சர்வருக்குப் பாக்கெட் புறப்படும் முன்னால் நடக்க வேண்டிய ஒன்று, பெயரை எண்ணாக மாற்றுவது. தொடக்கக் காலத்தில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் பராமரிக்கப்பட்டு, அதை எல்லாரும் பிரதி எடுத்துக்கொண்டார்கள். வலையமைப்பு வளர வளர அது தாங்காமல் போகவே, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். ஒரு பெயரைக் கேட்டால், நமக்காகத் தேடும் சர்வர் முதலில் மூலச் சர்வரிடம் கேட்கிறது. அது ‘காம்’ போன்ற முடிவுக்குப் பொறுப்பானவரைக் காட்டுகிறது. அவர் அந்தக் குறிப்பிட்ட பெயருக்குப் பொறுப்பானவரைக் காட்டுகிறார். இங்கும் யாரிடமும் முழுப் பட்டியல் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரை மட்டுமே அறிவார்கள். விடையின் எல்லை இங்கே தூரத்தால் அமையாமல் காலத்தால் அமைகிறது. ஒவ்வொரு விடையோடும் இத்தனை நொடிகள் நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண் வருகிறது. அது 86,400 என்றால், முகவரியை மாற்றிய பிறகும் ஒரு நாள் முழுக்கச் சிலர் பழைய சர்வரையே தட்டிக்கொண்டிருப்பார்கள். சர்வரை இடம் மாற்றுபவர்கள் அதற்கு முந்தைய நாளே இந்த எண்ணை 300 என்று குறைத்து வைப்பதற்குக் காரணம் அதுதான்.

வேகத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட், எட்டால் வகுக்க மறப்பதாலேயே பாதிப் புகார்கள் எழுகின்றன. மீதிப் பாதி, ஒரு நொடியில் எவ்வளவு தரவு போகும் என்ற அகலத்தையும், போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்ற தாமதத்தையும் ஒன்றாக எண்ணுவதால் எழுகிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. 10,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சர்வருக்குப் போய்த் திரும்ப 100 மில்லிநொடி ஆகும். எவ்வளவு பெரிய இணைப்பை வாங்கினாலும் அது குறையாது. ஒரு பக்கம் திறப்பதற்குள் பெயர் விசாரணை, டிசிபி இணைப்பு, மறையாக்க ஒப்பந்தம் என்று பல முறை போய்வர வேண்டியிருப்பதால்தான், அகலமான இணைப்பிலும் தொலைதூரத் தளம் தயங்கித் திறக்கிறது.

வலையமைப்பின் வேலைகளை ஏழு அடுக்குகளாகப் பிரித்துக் காட்டும், பாடப்புத்தகங்களின் ஏழு அடுக்கு மாதிரியை இதுவரை குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. 1984இல் சர்வதேசத் தர அமைப்பு வெளியிட்ட அந்த மாதிரி பயனுள்ளதே. ஆனால் ஒரு பாக்கெட்டின் பயணத்தைப் பார்க்கும் முன்பே அடுக்குகளின் பெயரை ஒப்பிக்கச் சொல்வது பாடத்தைத் தலைகீழாக நடத்துவதாகும். மேக், ஐபி, போர்ட் ஆகியவற்றின் எல்லைகளை அறிந்தவர் அந்த மாதிரியை ஒரு மாலைப் பொழுதில் புரிந்துகொள்வார்.

கோளாறு தேடும்போது நான் எல்லைகளை உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாகக் கடந்து பார்ப்பேன். முகவரி சரியாக வந்திருக்கிறதா? ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் செய்திக்குக் கேட்வே பதில் தருகிறதா? வெளியே உள்ள ஓர் எண் முகவரி பதில் தருகிறதா? எண் பதில் தந்து பெயர் மட்டும் தராவிட்டால் டிஎன்எஸ். இவற்றுக்கு அப்பால் இருந்தால் டிரேஸ்ரூட். ஒவ்வொரு பாக்கெட்டிலும் இத்தனை தாவல் வரை உயிரோடு இருக்கலாம் என்ற எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். பூஜ்யம் ஆனதும் பாக்கெட்டைக் கைவிட்டு, அனுப்பியவருக்குத் தகவல் தரும். டிரேஸ்ரூட் அந்த எண்ணை 1, 2, 3 என்று வேண்டுமென்றே சிறிதாக இட்டு அனுப்பி, வழியில் உள்ள ரவுட்டர்களைத் தாங்களாகவே பேச வைக்கிறது.

அதன் விடையைப் படிப்பதில் மட்டும் நிதானம் தேவை. ஐந்தாவது வரியில் வெறும் நட்சத்திரக் குறிகள் வந்து, ஆறாவது, ஏழாவது வரிகளில் முகவரிகள் தெரிந்தால், ஐந்தாவது ரவுட்டர் பழுதாகவில்லை. பதில் சொல்ல வேண்டாம் என்று அமைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. ஒரே ஒரு வரியில் மட்டும் நேரம் 200 மில்லிநொடியாக ஏறி, அடுத்த வரியில் 30க்கு இறங்கினாலும் அதே கதைதான்: பாக்கெட்டுகளைக் கடத்துவதே அந்த ரவுட்டரின் முதல் வேலை, நமக்குப் பதில் எழுதுவது ஓய்வு கிடைத்தால் செய்யும் வேலை. ஒரு வரியில் ஏறிய நேரம் அதற்குப் பிந்தைய எல்லா வரிகளிலும் இறங்காமல் நீடிக்கிறதா என்று பாருங்கள். நீடித்தால், தாமதம் பெரும்பாலும் அந்தத் தாவலில் தொடங்குகிறது. அது ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் தாவலாக இருந்தால் அது தூரத்தின் விலை, புகார் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு ரவுட்டர்களும் ஒரே ஊரில் இருந்தால், அந்த வரியைப் பிரதி எடுத்து, நேரத்தையும் குறித்து, அந்த வலையமைப்பை நடத்துபவருக்கு அனுப்பலாம்.